கீழாநெல்லி

கோபாலபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் மழை பெய்து நான்கைந்து நாள் கழிந்தால், மதிற்சுவருக்கும் நடைபாதைக் கல்லுக்கும் இடையே கிடக்கும் விரற்கடை மண்ணில் கீழாநெல்லி முளைத்துவிடும். அம்மா கண்ணில் பட்டால் விடமாட்டாள். குனிந்து வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி, முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். எழுபது வயதில், முழங்கால் வலியோடு, வேறெந்தச் செடிக்காகவும் அவள் இப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை.

தமிழ் படித்தவனுக்குச் செடியைவிடப் பெயரின் மீதுதான் முதலில் கண் போகும். கீழ்க்காய்நெல்லி என்பதுதான் வழக்கில் தேய்ந்து கீழாநெல்லி ஆயிற்று. இலைக்காம்பின் அடிப்புறத்தில் கடுகைவிடச் சற்றே பெரிய காய்கள் வரிசையாகத் தொங்கும். இலையைப் புரட்டிப் பார்த்த எவனோ ஒருவன் வைத்த பெயர். தாவரவியலாரும் இதையும் நாம் ஊறுகாய் போடும் பெருநெல்லியையும் ஃபிலாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு திருப்பம் நடந்தால் ஔவை சண்முகம் சாலை வந்துவிடும். பழைய ஆட்களுக்கு அது இன்னும் லாயிட்ஸ் ரோடுதான். சாலைக்குப் பெயர் வந்தது ஔவை வேடம் கட்டிய நாடகக்காரர் டி.கே. சண்முகத்தால். ஆனாலும் அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும்போதெல்லாம் அதியமான் தந்த நெல்லிக்கனி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. இருபது ஆண்டுகளாகச் சங்க இலக்கியம் கற்பிப்பவனின் தொழில்நோய் அது.

என் உடம்பில் இருக்கும் நோய் வேறு. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் எங்கள் கல்லூரியில் இரத்த தான முகாம் நடந்தது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் பொறுப்பாசிரியர் விடுப்பில் போய்விட, மாணவர்களை வரிசையில் நிறுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதுவரை ஊசிக்குப் பயந்து ஒருமுறைகூட இரத்தம் கொடுத்தவனில்லை நான். மாணவர்களுக்கு முன்னால் அந்த அச்சத்தைக் காட்டிக்கொள்ள முடியவில்லை. முதல் ஆளாய்ப் படுத்துக் கொடுத்தேன். பழச்சாறும் பிஸ்கட்டும் தந்தார்கள். பத்து நாள் கழித்து இரத்த வங்கியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார்.

"ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போக முடியுமா சார்? பயப்பட ஒண்ணும் இல்ல."

அப்படிச் சொன்ன பிறகு பயப்படாமல் இருப்பது எப்படி?

என் இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம் இருந்தது. மறுமுறை எடுத்துப் பார்த்ததிலும் இருந்தது. ஈரல் நோய் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பி வைத்தார்கள். என்னைவிட நான்கைந்து வயது மூத்த பெண்மணி அவர். சோதனைத் தாள்களைப் பார்த்துவிட்டு, குடிப்பழக்கம் உண்டா, பச்சை குத்திக்கொண்டதுண்டா, இரத்தம் ஏற்றியதுண்டா என்றெல்லாம் கேட்டார். நான் எதிர்பார்த்திருந்த கேள்விகள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அதன் பிறகு கேட்ட மூன்றும் நான் எதிர்பார்க்காதவை.

"அம்மா இருக்காங்களா? கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? மனைவிக்கு எப்பவாவது மஞ்சள் காமாலை வந்திருக்கா?"

வந்திருந்தது. 2006இல், திருமணமான அடுத்த ஆண்டு. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது காய்ச்சலும் குமட்டலுமாகத் தொடங்கியது. ஒரு வாரத்தில் கண் மஞ்சளாகி, நகம் மஞ்சளாகி, தலையணை உறைகூட மஞ்சளானது. பிலிருபின் அளவை மட்டும் பார்த்துவிட்டு, இதற்கு நாட்டு மருந்துதான் சரி என்று உறவினர்கள் முடிவு செய்தார்கள். என் மாமியார் தினமும் விடியற்காலையில் வாய்க்கால் கரையில் கீழாநெல்லி பிடுங்கி வந்து, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுத்தார். உப்பில்லாப் பத்தியம். இரண்டு மாதம் எழுந்து நடக்க முடியாமல் கிடந்தாள். மூன்றாம் மாதம் எழுந்து உட்கார்ந்து, புளிக்குழம்பு கேட்டாள். எங்கள் இரண்டு குடும்பங்களிலும் கீழாநெல்லியின் புகழ் அன்றிலிருந்து மேலும் ஓங்கியது. அந்த வைரஸ் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஊர்த் தண்ணீர் என்று பேசிக்கொண்டோம்.

மருத்துவர் மனைவியின் இரத்தத்தையும் சோதித்தார். வைரஸ் இல்லை. ஆனால் அது வந்து போனதற்கான தடயம் இருந்தது. அதை விரட்டிய எதிர்ப்பொருளும் இருந்தது. என்னிடமிருந்துதான் போயிருக்க வேண்டும் என்பதை அவர் நேரடியாகச் சொல்லவில்லை. இப்படித்தான் சொன்னார்: "அவங்களுக்கு வந்துது, போயிடுச்சு. உங்களுக்கு வந்துது, இருந்துடுச்சு."

எனக்கு எப்போது வந்தது என்று கேட்டேன்.

"அநேகமா நீங்க பொறந்த அன்னிக்கு."

*

இலக்கியம் படித்தவர்களுக்கு நோய் என்றால் படையெடுப்பு. வைரஸ் வருகிறது, உடம்பைத் தாக்குகிறது, உடம்பு எதிர்க்கிறது. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இந்தக் கதைக்குள் அடங்குவதில்லை. ஈரல் உயிரணுவுக்குள் புகுந்து, அதன் பட்டறையைப் பயன்படுத்தித் தன்னைப் பெருக்கிக்கொள்கிறதே தவிர, அந்த உயிரணுவை அது கொல்வதில்லை. வைரஸ் நிரம்பிய ஈரல் அமைதியாகத் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஈரலை அழிப்பவை நம்முடைய வெள்ளணுக்கள்தாம். டி அணுக்களில் கொல்லும் வகை ஒன்று உண்டு. அது வைரஸ் குடியேறிய ஈரல் உயிரணுக்களை அடையாளம் கண்டு அழிக்கத் தொடங்குகிறது. அந்த அழிவின் வெளித்தோற்றம்தான் காமாலை. என் மனைவியின் கண்ணிலும் நகத்திலும் தெரிந்த மஞ்சள், அவளுடைய உடம்பு நடத்திய போரின் நிறம்.

வளர்ந்த ஒருவருக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அதை விரட்டிவிடுகிறார்கள். சிலர் கடுமையாகப் படுத்து எழுகிறார்கள். பலருக்கு வந்துபோனதே தெரிவதில்லை. பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளிடம் கணக்கு தலைகீழ். பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. அந்தக் குழந்தைகள் நோய்வாய்ப்படுவதும் இல்லை. காய்ச்சல் இல்லை, காமாலை இல்லை, நன்றாகப் பால் குடிக்கும், நன்றாகத் தூங்கும். "நீ குழந்தையா இருக்கும்போது ஒரு நாள் ஒரு பொழுது என்னைப் படுத்தினதில்ல" என்று அம்மா என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வது வழக்கம். இப்போது அதைக் கேட்கும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது.

ஏன் இப்படி என்று மருத்துவரைக் கேட்டேன். வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் ஆசிரியன் என்று தெரிந்ததாலோ என்னவோ, கொஞ்சம் விரித்துச் சொன்னார். மீதியை அதன்பின் வந்த ஆண்டுகளில் நானே தேடிப் படித்தேன். யாப்பருங்கலக்காரிகையை முதன்முதலாகப் படித்தபோது பட்ட பாட்டுக்கு இது குறைந்ததல்ல.

இந்த வைரஸ் சில புரதங்களை உண்டாக்குகிறது. ஒன்று அதன் மேலுறையாக அமைவது. இரத்த வங்கியில் என்னைக் காட்டிக்கொடுத்தது அதுதான். வைரஸுக்குத் தேவையானதைவிடப் பல்லாயிரம் மடங்கு இது உற்பத்தியாகிறது. உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுக்கூடுகளாக இரத்தத்தில் மிதந்து, நம் எதிர்ப்பொருள்களைத் தம் பக்கம் இழுத்து வீணாக்குகின்றன. இன்னொன்று 'இ' ஆன்டிஜன் என்று அழைக்கப்படும் சிறிய புரதம். 1972இல் ஸ்வீடனில் கண்டறிந்தார்கள். இது பலகாலம் புதிராகவே இருந்திருக்கிறது. வைரஸின் உடலைக் கட்ட இது வேண்டாம்; வைரஸ் பெருகவும் இது வேண்டாம். இது இல்லாமல் வாழும் வைரஸ் வகைகளும் உண்டு. பிறகு எதற்காக இதை உண்டாக்கி இரத்தத்தில் கலந்துவிட வேண்டும்?

1990இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மிலிச்சும் அவருடைய குழுவினரும் எலிகளை வைத்து ஒரு விடையை முன்வைத்தார்கள். இந்தப் புரதம் மிகச் சிறியது, கரைந்து மிதப்பது; நஞ்சுக்கொடியைக் கடந்து கருவிடம் போய்விடக்கூடியது. வைரஸ் பெரும்பாலும் குழந்தைக்குத் தொற்றுவது பிரசவ நேரத்தில், தாயின் இரத்தம் படும்போதுதான். ஆனால் அதற்கு முன்பே இந்தப் புரதம் கருவறைக்குள் சென்று அறிமுகமாகிவிடுகிறது. கருவில் உருவாகிக்கொண்டிருக்கும் டி அணுக்கள் தம்மைச் சுற்றியிருப்பவற்றைப் பார்த்து, இது என்னுடையது, இதைத் தொடக்கூடாது என்று படித்துக்கொண்டிருக்கும் காலம் அது. அந்தப் பாடத்துக்குள் ஓர் அந்நியச் சொல்லும் இடைச்செருகலாக நுழைந்துவிடுகிறது. பின்னால் வைரஸ் முழுதாக வரும்போது, அதன் மையப் புரதமும் இதே சாயலில் இருப்பதால், அணுக்கள் அதைத் தெரிந்த முகமாகக் கண்டு விட்டுவிடுகின்றன. ஏடு பெயர்த்து எழுதியவர்களின் இடைச்செருகல்களைப் பிரிப்பதையே பாதித் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த இடம் மட்டும் சட்டென்று விளங்கியது.

2016இல் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதை இன்னும் ஒரு படி உள்ளே கொண்டுபோனார்கள். ஈரலில் கூப்ஃபர் அணுக்கள் என்ற விழுங்கிகள் நிரந்தரமாகத் தங்கியிருக்கின்றன. தாயிடம் 'இ' புரதம் இருந்த எலிக்குட்டிகளில், பின்னாளில் வைரஸ் வந்தபோது இந்த விழுங்கிகள் சண்டைக்குக் கிளம்பவில்லை. மாறாக, கொல்லும் டி அணுக்களை நோக்கி 'நிறுத்து' என்று சொல்லும் ஒரு மூலக்கூறைத் தம் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டன. வைரஸ் நிலைத்தது. அந்தப் புரதத்தை முன்பு அறியாத குட்டிகளிலோ அதே விழுங்கிகள் அழற்சியை மூட்டி வைரஸை ஒழித்தன. ஒரே புரதம், ஒரே வகை அணு. முதற்சந்திப்பு எப்போது, எங்கே என்பதில்தான் எல்லாம் மாறிவிடுகிறது.

எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குச் சொல்லக்கூடாது என்பார்கள். அது சரி. 2015இல் சிங்கப்பூரில் அந்தோனியோ பெர்த்தோலெட்டியின் குழுவினர், இந்தத் தொற்றுள்ள தாய்மார்களின் குழந்தைகளுடைய தொப்புள்கொடி இரத்தத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் குழந்தைகளின் அணுக்கள் மழுங்கியிருக்கவில்லை, மற்றக் கிருமிகளை எதிர்கொள்ள அவை கூடுதலாகப் பழகியே இருக்கின்றன என்று எழுதினார்கள். ஆக, பிறந்த குழந்தையின் எதிர்ப்பாற்றல் வெறும் பலவீனம் என்ற பழைய எண்ணம் தகர்ந்துகொண்டிருக்கிறது. அது வேறு ஒழுங்கில் இயங்குவது, அவ்வளவே.

அந்த ஒழுங்குக்குக் காரணமும் இருக்கிறது. சிசு என்பது பாதி தந்தையின் பொருள். தாயின் உடம்புக்கு அது அந்நியம். அதற்குத் தாயும் பாதி அந்நியம். பத்து மாதம் இருவரும் ஒருவரையொருவர் தாக்காமல் இருக்க வேண்டும். தாயின் உயிரணுக்கள் கருவுக்குள் போய்த் தங்குகின்றன என்பதையும், அவற்றைத் தாக்காமலிருக்கக் கரு தன் டி அணுக்களில் அடக்கிவைக்கும் வகையொன்றைப் பெருமளவில் வளர்த்துக்கொள்கிறது என்பதையும் 2008இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதற்கெல்லாம் முன்னோடி, 1953இல் பீட்டர் மெடவாரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் செய்த சோதனை. கருவிலிருக்கும் எலிக்குட்டிக்கு வேறோர் இன எலியின் அணுக்களைச் செலுத்தினால், வளர்ந்த பின் அந்த இனத்து எலியின் தோலை ஒட்டவைத்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். வளர்ந்த எலியிடம் முதன்முறையாக ஒட்டினால் உதறிவிடும். 1960இல் மெடவாருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் சகிப்பு என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சகிப்பில் ஒரு வேதனை இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது அது. பொறை என்றால் இன்னும் கொஞ்சம் நெருங்குகிறது. பொறை என்பது சுமையும்தான், பொறுத்தலும்தான்.

*

கீழாநெல்லிக்கு வருகிறேன். இதைப் படிக்கப் படிக்க, என் மாமியாரின் அம்மிக்கல் எனக்கு உறுத்தலாகிவிட்டது. என் மனைவியைக் காப்பாற்றியது எது?

இந்தக் கேள்வியைச் சென்னையில் ஏற்கனவே கேட்டிருக்கிறார்கள், அதுவும் மிகப் பெரிய அளவில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் எஸ்.பி. தியாகராஜன், பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் ஆனார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஹெபடைட்டிஸ் பி வைரஸை நெடுங்காலமாகச் சுமப்பவர்களுக்கு, அதாவது என்னைப் போன்றவர்களுக்கு, முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். இன்னொரு தொகுதியினருக்கு வெற்று மாத்திரை. 1988 அக்டோபரில் லண்டனின் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரிடம் மேற்பரப்புப் புரதம் மறைந்துவிட்டது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் பரூக் ப்ளம்பெர்க். இந்த வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் இரத்தத்தில் கண்டறிந்து, 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' என்று 1965இல் உலகுக்கு அறிவித்து, 1976இல் நோபல் பரிசு பெற்ற அதே ப்ளம்பெர்க். என் இரத்த அறிக்கையில் இருக்கும் புரதத்தைக் கண்டவரும், எங்கள் மதிற்சுவரோரத்துச் செடியைச் சோதித்தவரும் ஒருவரே என்று அறிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரமே ஒரு மாதம் கீழாநெல்லி தின்றுவிடுவது என்று தீர்மானித்தேன். நல்லவேளை, தொடர்ந்து படித்தேன். 1990இல் தாய்லாந்திலிருந்து ஒரு குழு அதே இதழில் எழுதியது: தாங்கள் செய்து பார்த்ததில் பயனில்லை என்று. நியூசிலாந்திலும் பலனில்லை. அதன்பின் வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள், நம்பத்தக்க சான்று போதாது என்ற முடிவுக்கே வந்தார்கள். செடி இனம் வேறுபட்டதா, பறித்த பருவமா, மண்ணா, அல்லது முதல் ஆய்விலேயே ஏதேனும் தற்செயலா என்ற வாதங்கள் இருந்தன. என்னைக் கேட்டால், தரமணிக்காரர்கள் செய்தது பெரிய காரியம். பாட்டி சொன்னாள் என்பதோடு நிற்காமல், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிறர் சரிபார்க்கக்கூடிய வகையில் எண்ணோடு எழுதினார்கள். அதனால்தான் பிறரால் மறுக்க முடிந்தது. நம்மில் பலர் இன்றும் முதற்கட்டுரையை மட்டும் மேடையில் சொல்லிக் கைத்தட்டல் வாங்குகிறோம். நானே ஒரு சித்த மருத்துவச் சுவடிகள் கருத்தரங்கில் 2012இல் அப்படிப் பேசியிருக்கிறேன். மறுத்த கட்டுரைகள் இருப்பதே அன்று எனக்குத் தெரியாது.

மனைவியைக் குணமாக்கியது அவளுடைய இருபத்தாறு வயது வெள்ளணுக்கள். இதை அவளிடம் சொன்னேன். "எங்கம்மா ரெண்டு மாசம் தினமும் வாய்க்காங்கரைக்குப் போனாங்களே, அதுக்குக் கணக்கு இல்லையா?" என்று கேட்டாள். வந்தது என்னிடமிருந்து என்பதைச் சொல்லி முடித்த அன்றைக்கு அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

*

அம்மாவின் விஷயத்தில் நான் செய்தது சரியல்ல. சர்க்கரைச் சோதனைக்கு என்று ஆய்வகத்துக்கு அழைத்துப்போய், அவளிடம் சொல்லாமலே இந்தச் சோதனையையும் சேர்த்து எடுக்கச் செய்தேன். நான் பயந்தபடியே அவளுக்கும் இருந்தது. எனக்கு ஏழாண்டு இளையவளான தங்கைக்கு இல்லை. நான் பிறந்த 1978இல் அம்மாவின் இரத்தத்தில் 'இ' புரதம் இருந்திருக்க வேண்டும், அப்படிப்பட்ட தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் தடுப்பு ஏதுமில்லாவிட்டால் பத்தில் ஏழு முதல் ஒன்பதுக்குத் தொற்றிவிடும், தங்கை பிறப்பதற்குள் அம்மாவின் உடம்பே விழித்துக்கொண்டு அந்தப் புரதத்தை அடக்கியிருக்கலாம் என்பது மருத்துவரின் ஊகம். அம்மாவின் ஈரலுக்கும் இப்போதைக்குக் கெடுதல் ஒன்றுமில்லை, ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

அதை அம்மாவிடம் சொல்லும் சொற்கள் எனக்குக் கிடைக்கவில்லை. தாயிடமிருந்து வந்தது என்ற ஒரு வரியை எப்படிச் சொன்னாலும் அது குற்றச்சாட்டாகவே ஒலித்தது. அறிக்கையை ஒரு நிகண்டுக்குள் செருகி வைத்தேன். அதை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள்.

சரஸ்வதி பூஜையை மறந்துவிட்டேன். செப்டம்பர் கடைசியில், பூஜைக்காக அம்மா அலமாரியிலிருந்து புத்தகங்களை இறக்கித் தூசி தட்டினாள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கில எழுத்துக் கூட்டிப் படிப்பாள். தன் பெயருக்குக் கீழே தடித்த எழுத்தில் 'பாசிட்டிவ்' என்று இருந்ததைப் படித்திருக்கிறாள். பாசிட்டிவ் என்ற சொல்லுக்கு அவள் தலைமுறையில் ஒரே பொருள்தான். 1986இல் எச்.ஐ.வி. இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இந்தச் சென்னையில்தான். அப்போது தொடங்கிச் சுவரொட்டியிலும் வானொலியிலும் அவள் கேட்ட பொருள் அது. பூஜையன்று சுண்டல் செய்தாள், படத்துக்குப் பூ வைத்தாள், யாரோடும் பேசவில்லை. தன் தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைத்துக்கொண்டாள். பேத்தியைப் பக்கத்தில் படுக்க விடவில்லை. கால் வலி என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். மூன்றாம் நாள் இரவு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"உங்கப்பாவைத் தவிர எனக்கு வேற ஆம்பளை தெரியாதுடா" என்றாள்.

அறுபத்திரண்டு வயதுப் பெண் தன் மகனிடம் சொல்லக்கூடாத வாக்கியம் அது. அவளைச் சொல்ல வைத்தவன் நான். அப்பா இறந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

விடியும்வரை பேசினோம். இது அந்த நோயல்ல என்பதை முதலில் புரியவைத்தேன். தட்டு, தம்ளர், அணைத்துக்கொள்வது எதனாலும் வராது. பேத்திக்கு 2009இல் பிறந்த அன்றே தடுப்பூசி போட்டாயிற்று. பிறகு மெடவாரின் எலியையும், 'இ' புரதத்தையும், கருவறைப் பாடத்தையும் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் அஞ்சியிருந்த கேள்வியை அவள் கேட்கவில்லை.

"எங்கம்மாவுக்கும் இதுதானா?"

அம்மாச்சியை எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. 1984இல் இறந்தாள், ஐம்பதை ஒட்டிய வயது. கடைசி ஓராண்டு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. மகோதரம் என்றார்கள். கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் பானையாகி, திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருப்பாள். செய்வினை என்று ஒரு பங்காளி வீட்டோடு பேச்சை நிறுத்தினார்கள். அந்தப் பேச்சு இன்றுவரை இல்லை. சோதித்து அறிய இனி வழியில்லை. இருக்கலாம் என்றேன். ஈரல் சுருக்கமும் ஈரல் புற்றும் இந்த வைரஸைச் சுமப்பவர்களில் சிலருக்கு அந்த வயதில்தான் வரும். அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பங்காளி வீட்ல யாராவது இருக்காங்களான்னு விசாரிக்கணும்" என்றாள்.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் இதைச் சுமப்பவர்கள் சுமார் 2.98 கோடிப் பேர். பெரும்பாலோருக்குத் தெரியாது. எனக்கு முப்பத்தொன்பது வயதுவரை தெரியாததைப் போல.

*

வைரஸின் மேலுறைப் புரதம்தான் தடுப்பூசியாகவும் ஆகிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. முதலில் நோயைச் சுமப்பவர்களின் இரத்தத்திலிருந்தே அந்த வெற்றுக்கூடுகளைப் பிரித்து ஊசியாக்கினார்கள்; 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1986 முதல் ஈஸ்ட்டில் வளர்க்கிறார்கள். 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் அதை இந்தியாவில் மலிவாக்கியது. 'இ' புரதத்தைக் கருவறையில் கண்டு பேசாமலிருந்த அதே உடம்பின் அணுக்கள், மேலுறைப் புரதத்தைத் தொடையில் ஊசியாகப் பெற்றால் விழித்துக்கொண்டு காப்பை உருவாக்கிவிடுகின்றன. வியப்பு என்னவென்றால், இந்தப் பாடத்தில் பச்சிளங்குழந்தைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் இதே ஊசி அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை. என்னோடு பணிபுரியும் ஒருவர் ஐம்பத்து நான்காம் வயதில் மூன்று தவணை போட்டும் எதிர்ப்பொருள் போதிய அளவு உண்டாகாமல், மீண்டும் மூன்று போட்டுக்கொண்டார்.

ஆனால் நேரம் முக்கியம். பிறந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் முதல் ஊசி. தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், எதிர்ப்பொருள் ஊசியும் சேர்த்து. தாயின் வைரஸ் அளவு மிகுதியாக இருந்தால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் மாத்திரை. பிள்ளைத்தமிழில் காப்புப் பருவத்தை இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு உரியதாக வைத்தார்கள். எல்லாத் தெய்வங்களையும் வரிசையாக அழைத்துக் காக்கச் சொல்வார்கள். வகுப்பில் அந்தப் பகுதியை நடத்தும்போது, மூன்று மாதம் பொறுக்க முடியாத காப்பு ஒன்றும் இருக்கிறது என்று இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன். தேர்வில் வருமா ஐயா என்று கேட்கிறார்கள்.

இந்தியாவில் 2002இல் சில நகரங்களில் சோதனை முறையில் தொடங்கி, 2011இல் நாடு முழுவதுக்குமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தார்கள். நான் பிறந்தபோது உலகில் எங்குமே இந்த ஊசி இல்லை. ஆகவே யாரையும் நொந்துகொள்ள எனக்கு இடமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், எஸ்.ஜி.பி.டி.; ஆண்டுக்கு ஒருமுறை வைரஸின் அளவு. மருந்து தொடங்கும் நிலை இன்னும் வரவில்லை. அம்மாவும் நானும் ஒரே நாளில் போகிறோம். ஆய்வகத்திலிருந்து வெளியே வந்ததும் அவளுக்கு ரவா தோசை வேண்டும். மனைவியிடமும் மருத்துவர் ஒன்று சொல்லியிருக்கிறார்: விரட்டிவிட்டாலும் ஈரலின் ஆழத்தில் வைரஸின் ஒரு நகல் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும், நாளை எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எதையேனும் உண்ண நேர்ந்தால் முன்கூட்டியே இதைத் தெரிவிக்க வேண்டும் என்று. அவள் அதை ஒரு சீட்டில் எழுதி ஆதார் அட்டையோடு வைத்திருக்கிறாள்.

சென்ற நவம்பரில், வேணுகோபால சுவாமி கோயில் பக்கத்தில் பூக்கட்டும் அம்மாளின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பூக்காரம்மாள் சர்க்கரைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து சொன்னார். மழை விட்ட மறுநாள். அம்மா வாசலில் நின்றிருந்தாள், கையில் வேரோடு பிடுங்கிய கீழாநெல்லி. வாழ்த்துச் சொல்வதற்கு முன்பே கேட்டாள்:

"எப்பப் பொறந்துது? தொடையில ஊசி போட்டாங்களா?"

கையில் ஒரு ஊசி, வாயில் சொட்டு மருந்து, தொடை தெரியாது என்றார் பூக்காரம்மாள்.

"போன் போட்டுக் கேளு. இப்பவே கேளு" என்றாள் அம்மா. சர்க்கரையை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை செடியிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருக்க, அப்படியே நின்றாள்.